பொம்மைக்குக் கலர் அடிச்சது யாரு?

இன்னைக்கு எபிசோடு ரொம்பச் சின்ன ஒரு விஷயத்தைப் பத்தி. எவ்வளவு சின்னதுன்னா, 28 மில்லிமீட்டர். உங்க கட்டைவிரலோட மேல் கணு அளவுதான். டேபிள்டாப் கேம் ஆடறவங்க மேஜை மேல நிறுத்தி வைக்கற மினியேச்சர் பொம்மைகளோட வழக்கமான உயரம் அது.

இந்த உலகம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டப்பாவைப் பிரிச்சா உள்ள சாம்பல் கலர் பிளாஸ்டிக் சட்டம் ஒண்ணு இருக்கும். அதுல கை, கால், தலை, வாள் எல்லாம் தனித்தனியா ஒட்டிட்டு நிக்கும். நீங்கதான் வெட்டி எடுக்கணும், பசை போட்டு ஒட்டணும், பிரைமர் அடிக்கணும், அப்பறம் தலைமுடி கனத்துல இருக்கற பிரஷ்ஷை வெச்சு கலர் பண்ணணும். ஒரு படைன்னா அம்பது, அறுபது பொம்மை. இதுல பாதிப் பேர் விளையாட்டு ஆடறதே குறைச்சல். கலர் அடிக்கறதுதான் அவங்களுக்கு விளையாட்டு.

வாங்கி வெச்சு, இன்னும் கலர் அடிக்காம அலமாரியில கிடக்கற டப்பாக்களுக்கு உலகம் முழுக்க ஒரே பேருதான்: 'பைல் ஆஃப் ஷேம்'. அவமானக் குவியல். இந்தக் குவியலைக் குறைக்கறதுக்காகவே சேலஞ்ச் எல்லாம் நடக்கும். இந்த மாசம் இத்தனை பொம்மை முடிப்பேன்னு எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுக்கணும், பாதி வேலையில போட்டோ போடணும், முடிச்சதும் காட்டணும். அக்டோபர் மாசத்துக்கு 'ஆர்க்டோபர்'னே பேர் வெச்சு, ஆர்க் அரக்கர்களா கலர் அடிச்சுத் தள்றவங்க உண்டு.

நானும் இந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். வாரம் பூரா கோடு எழுதிட்டு, சனிக்கிழமை ராத்திரி டேபிள் லேம்ப் வெளிச்சத்துல குனிஞ்சு உக்காந்திருக்கறவன். அதனால இந்தக் கேள்வி எனக்கு முக்கியம்: பொம்மைக்குக் கலர் அடிக்கறது எப்ப இருந்து விளையாட்டா ஆச்சு? அதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சு?

பதில் சுருக்கமா சொன்னா, அது கூலி வேலையா இருந்துச்சு. நம்ம கோயமுத்தூர்ல இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

லண்டன், 1893

பொம்மைச் சிப்பாய் ஐரோப்பாவுல ரொம்பப் பழசு. ஆனா அதை நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைங்க கையில கொண்டுபோய்ச் சேர்த்தது 'பிரிட்டெய்ன்ஸ்'னு ஒரு லண்டன் கம்பெனி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டெய்ன் 1893ல ஒரு வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். உருக்கின ஈயக் கலவையை அச்சுல ஊத்தி, வெளி ஓரம் மட்டும் இறுகினதும் நடுவுல இருக்கறதைத் திருப்பிக் கொட்டிடறது. உள்ள கூடா ஒரு பொம்மை கிடைக்கும். உலோகம் மிச்சம், எடை கம்மி, விலையும் கம்மி. ஃபவுண்டரி ஊர்க்காரங்களான நமக்கு இது சொன்ன உடனே புரியும். பீளமேடு பக்கம் யாரைக் கேட்டாலும், உள்கூடு வார்ப்புன்னா என்னன்னு கை அசைச்சே காட்டிடுவாங்க.

வார்ப்பை மெஷின் வேகத்துக்குக் கொண்டுவந்தாச்சு. ஆனா கலர்? அதுக்கு மெஷின் கிடையாது. சிவப்புக் கோட்டு, கருப்புத் தொப்பி, வெள்ளை பெல்ட், முகம், மீசை எல்லாமே கையாலதான். அதுல பெரும்பகுதியைச் செஞ்சது பெண்கள். ஃபேக்டரியிலயும் செஞ்சாங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயும் செஞ்சாங்க. எண்ணிக்கைக்கு இவ்வளவுன்னு கூலி. சமையல்கட்டு மேஜையில வரிசையா பொம்மைய நிறுத்தி, முதல்ல எல்லாத்துக்கும் சிவப்பு, அப்பறம் எல்லாத்துக்கும் கருப்புன்னு போயிட்டே இருக்கறது. இன்னைக்கு மினியேச்சர் ஆளுங்க இதை 'பேட்ச் பெயிண்டிங்'னு சொல்லி யூடியூப்ல டிப்ஸ் கொடுக்கறாங்க. அன்னைக்கு அது அடுப்பெரியறதுக்கான வழி.

இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. அந்தக் கம்பெனி பிரிட்டிஷ் பேரரசோட படைகளை எல்லாம் செட் செட்டா போட்டுச்சு. அதுல மெட்ராஸ் காலாட்படையும் ஒரு செட். தமிழரும் தெலுங்கரும் நிறைய இருந்த படை அது. அந்த முகங்களுக்குப் பழுப்பு நிறம் தொட்டு வெச்சது மெட்ராஸையே பார்க்காத லண்டன் பெண்கள். அவங்க பேரு எந்த டப்பாவுலயும் இல்ல. கம்பெனி பேர் இருக்கு, படைப்பிரிவு பேர் இருக்கு, அவ்வளவுதான்.

1913ல எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ், அறிவியல் புனைகதைகளுக்குப் பேர்போனவர், 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு புத்தகம் போட்டார். இந்தப் பொம்மைச் சிப்பாய்களை வெச்சு, ஸ்பிரிங் பீரங்கியால சுட்டு, வீட்டுத் தரையில எப்படிப் போர் விளையாட்டு ஆடறதுன்னு விதிமுறையோட எழுதினார். இன்னைக்கு இருக்கற மினியேச்சர் கேம்கள் எல்லாத்துக்கும் அதை ஒரு முன்னோடின்னு சொல்வாங்க. ஆனா கவனிங்க, வெல்ஸ் காலத்துல கடையில வாங்கற பொம்மை கலரோடவே வரும். ஆடறவர் ஆடினா போதும்.

கூலி வேலை பொழுதுபோக்கு ஆனது

இது மாறினது ரெண்டாம் உலகப் போருக்கு அப்பறம். பெரியவங்க சீரியஸா போர் விளையாட்டு ஆட ஆரம்பிச்சாங்க. அவங்களுக்குக் கடையில கிடைக்கற நாலு படை போதலை. நெப்போலியன் காலத்துல குறிப்பிட்ட ஒரு ரெஜிமெண்ட், அதோட காலர் கலர்கூடச் சரியா இருக்கணும். அதனால கலர் அடிக்காத வார்ப்பா வாங்கி, தானே அடிச்சுக்கற பழக்கம் பரவுச்சு. விலையும் குறைச்சல்.

1974ல 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்துச்சு. 1983ல இங்கிலாந்துல கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 'வார்ஹாமர்' போட்டுச்சு, 1987ல 'வார்ஹாமர் 40,000'. இந்தக் கம்பெனியோட பெரிய கண்டுபிடிப்பு விதிமுறையோ கதையோ இல்லைன்னு எனக்குத் தோணும். கலர் அடிக்கற வேலையை வாங்கறவர் தலையில சந்தோஷமா கட்டினது பாருங்க, அதுதான். பொம்மையை விக்கலாம், அதுக்கு மேல பெயிண்ட் விக்கலாம், பிரஷ் விக்கலாம், எப்படி அடிக்கறதுன்னு பத்திரிகையும் விக்கலாம். அந்தக் கம்பெனி 2024 டிசம்பர்ல லண்டன் பங்குச் சந்தையோட முதல் நூறு கம்பெனிகள் பட்டியல்ல, அதான் எஃப்டிஎஸ்இ 100ல, இடம் பிடிச்சிருச்சு.

ஆனா இதை வெறும் வியாபாரத் தந்திரம்னு மட்டும் சொல்லிட முடியாது. ஒரு நல்ல காரியமும் நடந்துச்சு. கலர் அடிக்கறவங்களுக்குப் பேர் கிடைச்சுது. 1980களோட கடைசியில 'கோல்டன் டீமன்'னு பெயிண்டிங் போட்டி ஆரம்பிச்சாங்க. ஜெயிச்சவங்க பேர் பத்திரிகையில வரும், அவங்க முறையை மத்தவங்க படிப்பாங்க. பொம்மையோட அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தா கையெழுத்தும் தேதியும்கூட இருக்கும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கின அந்த லண்டன் பெண்களும் இவங்களும் செஞ்சது அதே வேலைதான். ஒருத்தருக்கு அது கூலி, இன்னொருத்தருக்கு அது கலை. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

கொலுன்னா அரசவை

தமிழ்நாட்டுல கலர் அடிச்ச சின்னப் பொம்மைகளைச் செட் செட்டா வாங்கி, அடுக்கி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டற ஒரு வழக்கம் எல்லாருக்கும் தெரியும். நவராத்திரி கொலு.

'கொலு'ங்கற சொல்லுக்கே ராஜா அமர்ந்திருக்கற சபைன்னு அர்த்தம். 'கொலு வீற்றிருத்தல்'னு சொல்றோம் இல்லீங்களா, அதுதான். ஒன்பது நாள் நவராத்திரியை ராஜ விழாவா நடத்தினதுக்கு நல்ல சாட்சி விஜயநகரம். 1520 வாக்குல கிருஷ்ணதேவராயர் காலத்துல அங்க வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயெஸ், அந்த விழாவைப் பார்த்து விவரமா எழுதி வெச்சிருக்கார். ஹம்பியில மகாநவமி மேடை இன்னைக்கும் நிக்குது. அடுக்கடுக்கா உயர்ற மேடை, ஒவ்வொரு அடுக்கோட பக்கச் சுவர்லயும் யானை, குதிரை, நடனக்காரிகள், வேட்டைக்காரர்கள்னு கல்லுல வரிசை வரிசையா சின்ன உருவங்கள். முதல் தடவை போட்டோ பார்க்கறவங்க, 'அட, கொலுப்படி மாதிரி இருக்கே'ன்னுதான் சொல்வாங்க.

விஜயநகரத்துக்கு அப்பறம் அந்த விழாவை மைசூர் உடையார்கள் எடுத்துக்கிட்டாங்க. 1610ல ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்துல தொடங்கினது, இன்னைக்கு மைசூர் தசராவா நடக்குது. அங்க வீட்டுல பொம்மை அடுக்கறதை 'கொம்பே ஹப்பா'ன்னு சொல்வாங்க, பொம்மைத் திருவிழா. கோயமுத்தூர் 1799ல திப்பு சுல்தான் விழற வரைக்கும் மைசூர் ஆட்சியில இருந்த ஊருங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கேம் ஆடறவங்களுக்காக ஒரு உபரித் தகவல்: அதே மைசூர் வம்சத்துல மூணாவது கிருஷ்ணராஜ உடையார் பலகை விளையாட்டுகள் மேல பெரிய ஆர்வம் கொண்டவர், தானே புதுசு புதுசா விளையாட்டு உருவாக்கினவர்.

கொலு எல்லார் வீட்டுலயும் இருந்ததில்லைங்கறதையும் நேராவே சொல்லிடணும். பிராமணக் குடும்பங்கள், இன்னும் சில சமூகங்களோட நகர வீடுகள், இப்படித்தான் அது பெரும்பாலும் இருந்துச்சு. கொங்குக் கிராமத்துத் தோட்டத்து வீடுகள்ல கொலு பொதுவா கிடையாது. அங்க பொம்மைக்கு வேற ஒரு இடம் இருந்துச்சு, அதுக்கு அப்பறம் வரேன்.

கொலு வைக்கற வீட்டுல என்ன நடக்கும்? மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு ஒற்றைப்படையில படி. வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது சேர்க்கணும்னு ஒரு வழக்கம். அமாவாசைக்குள்ள அடுக்கி முடிக்கணும்னு ஒரு கெடு. ஒன்பது நாள் அக்கம்பக்கம் வந்து பார்த்து, பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிட்டுப் போவாங்க. ஒரு தேதி, ஒரு வாக்கு, பார்க்க வர்ற கூட்டம். ஆர்க்டோபர் சேலஞ்சுக்கு வேற என்னங்க வேணும்? மாசம்கூடக் கிட்டத்தட்ட அதேதான்.

வீட்டு ஆளுங்க கைவேலையும் இதுல உண்டு. மரப்பாச்சி ஜோடிக்கு வருஷா வருஷம் புதுசா துணி, ஜரிகை, ஜிகினா ஒட்டி அலங்காரம் பண்றது. அப்பறம் படிக்குக் கீழ குழந்தைங்க போடற பார்க். மண்ணைப் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தெளிச்சு முளைக்க வெச்சா அது புல்தரை. கண்ணாடித் துண்டு வெச்சா குளம். மினியேச்சர் உலகத்துல இதுக்கு 'டெரெய்ன்'னு பேரு, இதுக்குன்னே செயற்கைப் புல் டப்பாவுல விக்கறாங்க. நம்ம வீட்டுல கேழ்வரகு நாலு நாள்ல நிஜப் புல்லாவே முளைச்சுரும்.

ஆனா பொம்மை மேல இருக்கற கலர் மட்டும் வீட்டுக்காரங்க கைவேலை இல்ல. அது கலரோடவே வந்துச்சு. யாரோ அடிச்சுக் கொடுத்தாங்க.

செட், அச்சு, கலர்

யாருன்னு கேட்டா, தமிழ்நாட்டுல சில ஊர் பேர்கள் உடனே வரும். பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்துல விளாச்சேரி, காஞ்சிபுரம். காஞ்சிபுரத்துல பொம்மைக்காரத் தெருன்னே ஒரு தெரு இருக்கு. நம்ம கோயமுத்தூர்ல பூசாரிபாளையத்துல மண் பொம்மை செய்யற குடும்பங்கள் இருக்காங்க. டவுன்ஹால் பக்கம் பெரியகடை வீதியில இருக்கற பூம்புகார் விற்பனை நிலையத்துல வருஷா வருஷம் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கும். அங்க போனா பல ஊர்ச் சரக்கையும் ஒரே இடத்துல பார்க்கலாம்.

செய்முறை எப்படின்னா, முதல்ல ரெண்டு பாதியா ஒரு அச்சு. சலிச்சுப் பிசைஞ்ச களிமண்ணை ரெண்டு பாதியிலயும் அழுத்தி, சேர்த்து ஒட்டி, எடுக்கறது. உள்ள கூடா இருக்கும், பிரிட்டெய்ன் செஞ்ச மாதிரியே. காரணமும் கொஞ்சம் அதே மாதிரிதான்: கனமா இருந்தா காயறப்பவும் சூளையிலயும் வெடிச்சுரும். நிழல்ல காய வெச்சு, சூளையில சுட்டு, பிசிறைத் தேய்ச்சு எடுப்பாங்க. காகிதக்கூழ் பொம்மையும் உண்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் உண்டு. அதுக்கெல்லாம் சூளை வேண்டாம்.

அப்பறம் கலர். முதல்ல முழுசா வெள்ளை. மினியேச்சர்காரங்க பிரைமர்னு சொல்றது இதைத்தான். மண்ணோட நிறம் மேல வராம தடுக்கணும், மேல அடிக்கற கலர் பிடிக்கணும். அடுத்து உடம்பு நிறம், அடுத்து துணி, அடுத்து பார்டர், அடுத்து நகைக்குத் தங்கக் கலர். இங்கயும் பேட்ச் பெயிண்டிங்தான். நூறு கிருஷ்ணருக்கு ஒரே நாள்ல நீலம், மறுநாள் நூறு மஞ்சள் வேட்டி. பல இடத்துல இப்ப நீலத்தையும் மஞ்சளையும் கம்ப்ரஸர் ஸ்ப்ரேயில அடிச்சுடறாங்க. ஆனா கண்ணுக்கு ஸ்ப்ரே கிடையாது. அது கடைசியில, அங்க இருக்கறதுலயே கை நடுங்காத ஒருத்தர் பிரஷ்ஷால வைக்கறது. சாமி சிலைக்குக் கண் திறக்கறது கடைசி வேலைங்கற மரபு ரொம்பப் பழசு. பொம்மைக்கும் அதே வரிசைதான் பொருந்துது. மினியேச்சர் அடிக்கறவங்ககிட்ட எது கஷ்டம்னு கேளுங்க, அவங்களும் கண்ணைத்தான் சொல்வாங்க.

ரெண்டு பக்கத்துலயும் அடிப்படையில ஒரே பிரச்சினையைத்தான் தீர்க்கறாங்க: சின்ன உருவம், தூரத்துப் பார்வை. நிஜ மனுஷன் போட்டிருக்கற சட்டை மடிப்புல வெளிச்சமே நிழல் போட்டுக் கொடுத்துரும். 28 மில்லிமீட்டர்ல அந்த நிழல் கண்ணுக்கே தெரியாது. அதனால நிழலையும் நாமதான் வரையணும், மேடான இடத்துல வெளிச்சத்தையும் நாமதான் வைக்கணும். கொலு பொம்மை அளவுல பெருசு. ஆனா ஒன்பதாவது படியில, சீரியல் லைட்டுக்கு நடுவுல, பத்தடி தள்ளி நின்னு பார்க்கற பொம்மை. அதனாலதான் அதோட கண்ணைச் சுத்தி அந்த அடர்த்தியான மை, புடவை ஓரத்துல அந்தத் தடிச்ச கோடு. கையில எடுத்துப் பார்க்கறப்ப 'என்ன இது, இவ்வளவு முரட்டுத்தனமா இருக்கு'ன்னு தோணும். படியில வெச்சுட்டு வாசல்ல இருந்து பாருங்க, முகம் அப்படியே உயிரோட தெரியும். இந்தத் தூரக் கணக்கு பொம்மைக்காரங்க கையில இருக்கற அறிவு. கோல்டன் டீமன் ஜெயிச்சவர் அதை ஒரு மணி நேர வீடியோவுல விளக்குவார். பூசாரிபாளையத்துல அது பார்த்துப் பார்த்துக் கத்துக்கறது.

காத்துல கரையற பொம்மைகள்

இப்ப கிராமத்துக்கு வரேன். கொங்கு நாட்டுல கொலு இல்லாத வீடுகளுக்கும் பொம்மை செய்யறவங்களோட ஒரு உறவு இருந்துச்சு. அதுக்குப் பேரு உருவாரம். மாட்டுக்கு நோய் வந்தா மாட்டு உருவாரம், குழந்தை வேணும்னா குழந்தை உருவாரம், கால் சரியானா கால் உருவாரம்னு நேந்துக்குவாங்க. நேந்தது நடந்துருச்சுன்னா ஊர்க் குயவர்கிட்டச் சொல்லி மண்ணுல செஞ்சு, சுட்டு, வர்ணம் தீட்டி, கோயிலுக்குக் கொண்டுபோய் வெச்சுருவாங்க. ஊர்ப்பக்கம் அய்யனார், கருப்பராயன், முனியப்பன் கோயில்களுக்குப் போனீங்கன்னா மரத்தடியில வரிசையா குதிரை, நாய், மாடு, ஆளுன்னு நிக்கறதைப் பார்க்கலாம்.

உருவாரத்தை யாரும் சேகரிக்கறதில்லை. வெச்சதோட சரி. வெயில்ல கலர் வெளுக்கும், மழையில கால் உடையும், மறுபடி மண்ணாப் போகும். அடுத்தவங்க நேந்துக்கிட்டா புதுசு வரும். பொம்மையைப் பாதுகாக்கறது அங்க முக்கியமே இல்ல, செய்யற ஆள் ஊர்ல இருக்காரா, அதுதான் முக்கியம். கொலு வீட்டுல தலைகீழ்: பொம்மையைப் பஞ்சு சுத்திப் பெட்டியில வெச்சு மூணு தலைமுறை காப்பாத்துவாங்க, செஞ்சவர் யாருன்னு ஞாபகமே இருக்காது.

இந்த உருவார மரபுலதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. கிராமத்துல வர்ணம் தீட்டினவர் பேரு எழுதி வைக்கலைங்கறது உண்மைதான். ஆனா ஊருக்கே அவரைத் தெரியும். நேந்துக்கிட்டவர் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்லணும், கேட்டு வாங்கணும். நகரத்துக் கடையில அந்த முகம் அறுந்து போச்சு. விலைச் சீட்டு இருக்கு, 'கல்யாண செட்', 'தசாவதார செட்', 'கிரிக்கெட் செட்'னு பேர் இருக்கு, கண்ணு வெச்ச ஆள் மட்டும் இல்ல.

இதனால யாருக்கு என்ன நஷ்டம்?

உணர்ச்சிவசப்படாம இதைக் கொஞ்சம் கணக்காவே பார்க்கலாம்.

முதல்ல மண்ணு. பொம்மைக்குக் குளத்து வண்டல் வேணும். கோயமுத்தூர்ல நொய்யலை நம்பின குளங்கள், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர்னு நிறைய. ஆனா ஊர் வளர வளர, குளத்துல மண் எடுக்கறது அனுமதி, ஃபைல், லாரின்னு பெரிய காரியமாயிருச்சு. 2024ல தமிழக அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கி இலவசமா வண்டல் எடுக்கலாம்னு விதியை எளிதாக்குச்சு. நல்ல விஷயம். இருந்தாலும் கட்டடம் சுத்திக் கட்டின நகரத்துக் குளத்துல பொம்மைக்கு ஏத்த மண் கிடைக்கறது வேற கதை.

ரெண்டாவது, காலம். நவராத்திரிக்குப் பொம்மை காயணும்னா ஆடி, ஆவணியில வெயில் வேணும். நமக்கோ அப்பதான் பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்தும் சாரலும். வீட்டுக்குள்ள இடம் இருக்கறவங்கதான் தாக்குப்பிடிப்பாங்க.

மூணாவது, சட்டம். வெளிநாட்டுப் பொம்மைகள் மேல இறக்குமதி வரி 2020ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. 2021 ஜனவரியில இருந்து இந்தியாவுல விக்கற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இதுல கைவினைத் துறையில பதிவு பண்ணின கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. கவனிக்க வேண்டிய வார்த்தை 'பதிவு'. பேர் காகிதத்துல இருக்கறவருக்குத்தான் விலக்கு. வீட்டுல உக்காந்து எண்ணிக்கைக்குக் கலர் அடிச்சுக் கொடுக்கற அக்காவோட பேர் எந்தக் காகிதத்துல இருக்கும்?

நம்ம அமைப்புகள் பேர் கொடுக்காம இல்ல. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா அது ஊருக்குக் கிடைச்ச பேரு. மூத்த கைவினைஞர்களுக்கு அரசு 'வாழும் கைவினைப் பொக்கிஷம்' விருது கொடுக்குது, அது ஆளுக்கே கிடைக்கற பேரு. ஆனா வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான். ஒரு பட்டறையில அச்சு எடுக்கறவர், சூளை பார்க்கறவர், கலர் அடிக்கறவர், கண்ணு வைக்கறவர்னு நாலஞ்சு பேர் இருக்கறப்ப, மத்தவங்க எல்லாம் அந்த லண்டன் பெண்கள் மாதிரிதான்.

பேர் இல்லாததுக்கும் கூலிக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு. யார் கலர் அடிச்சாலும் ஒண்ணுதான்னு கடைக்காரரும் வாங்கறவரும் நினைக்கற வரைக்கும், நல்லா அடிக்கறவருக்கு அதிகம் கொடுக்கக் காரணமே இல்ல. இன்னார் கைன்னு தெரிஞ்சா விலை மாறும். மினியேச்சர் உலகத்துல இது நடந்துருச்சு. காசு வாங்கிட்டு மத்தவங்க படைக்குக் கலர் அடிச்சுக் கொடுக்கற 'கமிஷன் பெயிண்டர்'கள் இருக்காங்க. அவங்களுக்குப் பேர், பாணி, விலைப்பட்டியல், காத்திருப்போர் லிஸ்ட் எல்லாம் உண்டு. அதே பிரஷ், அதே குனிஞ்ச முதுகு.

இன்னொரு நஷ்டம் நேரா வீட்டுக்கே வரும். கொலு வைக்கற வீடுகள்ல பழைய பொம்மைக்குக் கலர் உதிர்ந்தா, பொம்மைக்காரங்ககிட்டக் கொடுத்து மறுபடி கலர் அடிச்சு வாங்கற வழக்கம் உண்டு. பாட்டி கல்யாணத்துக்கு வந்த தசாவதார செட்டுல நரசிம்மருக்கு மூக்கு போச்சுன்னா, அதைச் சரிபண்ண ஒரு ஆள் வேணும். அந்த ஆளோட பொண்ணு இன்ஜினியரிங் முடிச்சுட்டு சரவணம்பட்டியில வேலைக்குப் போயிருக்கலாம். போகணும், தப்பே இல்ல. நானே அந்தப் பக்கம் ஐடி பார்க்ல உக்காந்திருக்கறவன்தான், யாரையும் சூளைக்குத் திரும்பிப் போன்னு சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா அந்தக் கை போச்சுன்னா நரசிம்மரும் போயிட்டார்னு அர்த்தம்.

ஒரு சேலஞ்ச்

கோயமுத்தூர்ல இப்ப போர்டு கேம் ஆடற கூட்டம் வளருது. இறக்குமதி விலை கட்டுப்படி ஆகலைன்னு ரெசின் த்ரீடி பிரிண்டர்ல தானே மினியேச்சர் பிரிண்ட் எடுக்கறவங்களும் இருக்காங்க. வார்ப்பும் பேட்டர்னும் தெரிஞ்ச ஊர்ல அது நடக்கறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. இவங்க எல்லாருமே சின்ன உருவத்துக்குக் கலர் அடிக்கறது எப்படின்னு வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கத்துக்கறோம். அதுல தப்பில்லை. ஆனா அதே கலையை வயித்துப் பிழைப்பா செய்யறவங்க டவுன் பஸ்ல போற தூரத்துல இருக்காங்க.

அதனால இந்த எபிசோடுக்கு ஒரு சேலஞ்ச் வெச்சுக்கலாம். புள்ளி இல்ல, பரிசு இல்ல.

இந்த நவராத்திரிக்குள்ள ஒரே ஒரு பொம்மை. கடையில வாங்காம, செய்யற இடத்துக்கே போய் வாங்குங்க. இல்லைன்னா வீட்டுல கலர் உதிர்ந்து கிடக்கற ஒரு பழைய பொம்மையை எடுத்துட்டுப் போய்க் கொடுங்க. அவங்க கேக்கற கூலியைப் பேரம் பேசாம கொடுங்க. நேரம் இருந்தா, அவங்க அனுமதிச்சா, கண்ணு வைக்கறப்ப பக்கத்துல உக்காந்து பாருங்க. பிரஷ்ஷை எங்க பிடிக்கறாங்க, மூச்சை எப்ப நிறுத்தறாங்கன்னு பாருங்க. மினியேச்சர் அடிக்கறவங்களா இருந்தா அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்குப் பெரிய பாடம்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "அக்கா, இதுக்குக் கலர் அடிச்சது யாருங்க?"

அவங்க சொல்ற பேரை, அவங்களுக்குச் சம்மதம்னா, பொம்மையைத் திருப்பி அடியில பென்சில்ல எழுதுங்க. பக்கத்துல வருஷத்தையும் போடுங்க. கொலு முடிஞ்சு விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, மறுநாள் எல்லாத்தையும் பெட்டிக்குள்ள போடறப்ப, அந்தப் பேரும் கூடவே உள்ள போகும். அடுத்த வருஷம் பெட்டியைத் திறக்கற ஆள் அதைப் படிப்பாங்க, திரும்ப எங்க போகணும்னு அவங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்ங்க.